முதுகில் கிளம்பிய சிலந்தி

மட்டாஞ்சேரி,
17.9.1979

அன்புள்ள சங்கிலிப்பாண்டி அண்ணனுக்கு,

அடுத்த சந்து பாக்கியலக்ஷ்மி எழுதுவது. மஸ்கட் வெயில் உங்களை முழுசாக வறுத்துவிடவில்லை என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே ஓணம் முடிந்து பள்ளி திறந்துவிட்டது. மழைக்குத்தான் இன்னும் லீவு கிடைக்கவில்லை. அண்ணியும் அங்கம்மாளும் சுகம்.

விமானம் ஏறப் போகிற அன்று வாசலில் நின்று என்னிடம் சொன்னீர்களே, "பாக்கியம், நான் திரும்பி வர்றதுக்குள்ள என் மக தன் கையால எனக்கு ஒரு கடுதாசி எழுதணும். தமிழ்ல எழுதணும், எனக்கு வேற எழுத்து தெரியாது" என்று, அதற்கு நானும் பெரிய ஆள் மாதிரி தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு இப்போது அனுபவிக்கிறேன்.

இரண்டாம் வகுப்புக்கு வந்து மூன்று மாதமாகிறது, உங்கள் மகள் ஒரு சொல் எழுதவில்லை. அதட்டினால் ஜன்னலைப் பார்க்கிறாள். கொஞ்சினாலும் ஜன்னலைப் பார்க்கிறாள். மற்ற பதினாலு பேரும் 'மரம்', 'படம்' என்று முன்னேறிவிட்டார்கள். இவள் சிலேட்டு கழுவி வைத்தது மாதிரி இருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் போன வாரம் நானே எழுந்து போய், அப்படி என்னதான் இருக்கிறது என்று ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன்.

செம்பருத்திச் செடியில் ஒரு பெரிய சிலந்தி வலை. வலையின் நடுவில் வெள்ளை நூலால் பெருக்கல் குறி மாதிரி ஒன்று. அதன் மேல் தலைகீழாகச் சிலந்தி. எல்லாப் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். "எட்டுகாலி தெற்று போட்டிருக்கு டீச்சர்!" என்று ஒரே சிரிப்பு. நான் தப்புக்குப் போடுகிற குறியாம். கால் எத்தனை என்று கேட்டேன். நாலு என்றார்கள். எனக்கும் நாலுதான் தெரிந்தது. அப்போது அங்கம்மாள் வாயைத் திறந்தாள்: "நாலல்ல டீச்சர், எட்டு. ரெண்டு ரெண்டா ஒட்டி வெச்சிருக்கு."

கிட்டப் போய்ப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. அண்ணா, மூன்று மாதமாக அவள் பாடம் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், என்னிடம் இல்லை என்பதுதான் விஷயம்.

ஆகவே நாளை முதல் என் வகுப்பில் சிலந்திப் பாடம். பார்ப்பது, எண்ணுவது, சொல்வது, சொன்னதை எழுதுவது. யாராவது உங்களுக்கு 'டீச்சருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது' என்று எழுதினால் நம்ப வேண்டாம். நம்பினாலும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
பாக்கியலக்ஷ்மி


மஸ்கட்,
6.10.1979

டீச்சர் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் கலவை காய்ந்துவிட்டது என்று போர்மேன் கத்தினான். இரண்டுக்கும் சேர்த்து இப்போது எனக்குத் தலைவலி.

நான் உன்னிடம் கேட்டது எழுத்து. நீ கொடுக்கப் போவது பூச்சி. எட்டுக்கால் பூச்சியைக் காட்டித்தான் பாடம் சொல்ல வேண்டும் என்றால் இங்கே எங்கள் லேபர் கேம்பில் மூலைக்கு மூலை இருக்கிறது, ஒரு டப்பாவில் போட்டு அனுப்பட்டுமா? என்னை மூன்றாம் வகுப்பு வரை படிக்க வைத்த வாத்தியார் பிரம்பை மட்டும்தான் காட்டினார். எனக்கு எழுத்து வந்தது.

உனக்கு என் கஷ்டம் புரியவில்லை. ஒச்சம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மிளகுக் குடோனில் கணக்கெழுதும் வெங்கடேஸ்வரன்தான் அவளுக்காக எழுதித் தருகிறார். நல்ல மனுஷர். ஆனால் அவர் கடிதத்தில் என் பொண்டாட்டி "தங்கள் திருமுகம் கண்டு அகமகிழ்ந்தேன்" என்கிறாள். ஒச்சம்மாள் அப்படிப் பேசி நீ கேட்டிருக்கிறாயா? அவள் வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். அந்தப் பேச்சைக் கேட்காமல் எனக்கு இங்கே ஓடவில்லை. வெளியாளிடம் சொல்லி எழுத அவளுக்குக் கூச்சம். மகள் என்றால் கூசாமல் சொல்லுவாள், அவளும் அப்படியே எழுதுவாள். அதற்குத்தான் அங்கம்மாளைத் தமிழ் வகுப்பில் சேர்த்தேன். இன்னும் ஒன்றேமுக்கால் வருஷம் நான் ஊருக்கு வர முடியாது.

ஒரு மாதம் என்று கேட்டாய். சரி. அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது.

அண்ணன்,
சங்கிலிப்பாண்டி


மட்டாஞ்சேரி,
30.10.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

கோபத்தோடு எழுதினாலும் எழுதினீர்களே, அதற்கு நன்றி. இத்துடன் வைத்திருக்கும் காகிதத்தைக் கடைசியில் பாருங்கள். முதலிலேயே அதை எடுத்தால் நான் பட்ட பாட்டை நீங்கள் படிக்கவே மாட்டீர்கள்.

முதல் வாரம் எண்ணிக்கை. ஈக்கு எத்தனை கால், எறும்புக்கு எத்தனை கால், கரப்பானுக்கு எத்தனை கால். எல்லாம் ஆறு. இதற்கு மட்டும் எட்டு. கண்ணால் பார்க்கலாம், கையால் தொடக்கூடாது என்பது சட்டம். ஆறு கால் உள்ளதுதான் பூச்சி இனம் என்று சொன்னேன். உடனே ஒருத்தி, "அப்பொ எட்டுக்கால் பூச்சின்னு எதுக்குச் சொல்லுது?" என்று மடக்கினாள். அண்ணா, நீங்களும் உங்கள் கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தீர்கள். உங்களுக்கும் தப்புக்குறி போட்டாயிற்று. 'சிலந்தி' என்று பெரிய அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினேன். அதுதான் இனி வகுப்பில் அதன் பெயர்.

இரண்டாம் வாரம் விளையாட்டு. சிலந்திக்குக் காது இல்லை, நூல் அதிர்வதை வைத்துத்தான் எல்லாவற்றையும் அறிகிறது என்று சொன்னால் புரியுமா? ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டி நடுவில் உட்கார வைத்தேன். எட்டுத் திசையிலும் சணல் கயிறு. ஒவ்வொரு கயிற்று முனையிலும் ஒரு எழுத்து அட்டை. யாராவது ஒருவர் சுண்டினால், எந்தக் கயிறு என்று கண்டுபிடித்துத் தவழ்ந்து போய் அந்த எழுத்தைப் பிடிக்க வேண்டும். மூன்று எழுத்துப் பிடித்தால் ஒரு சொல். அங்கம்மாள் ஐந்து சொல் பிடித்தாள். பக்கத்து மலையாள வகுப்புக் கமலாக்ஷி டீச்சர் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். ஹெட்மாஸ்டர் வந்தார், சிரிக்கவில்லை.

மூன்றாம் வாரம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று பியூன் பிச்சை ஒரு விளக்குமாற்றால் செம்பருத்தியைச் சுத்தம் செய்துவிட்டார். வலை போயிற்று. நான் கத்த, அவர் திருப்பிக் கத்த, அதற்குள் அங்கம்மாள் பலகைக்குப் போய்ச் சாக்கட்டியால் எழுதினாள்: 'வலய யாரு பொளிச்சது'. அதுதான் அண்ணா அவளுடைய முதல் வாக்கியம். 'பிய்த்தது' என்று திருத்தக் கை போனது. திருத்தவில்லை. அன்று சாயங்காலமே சிலந்தி வேறு கிளையில் புது வலை கட்டத் தொடங்கிவிட்டது.

இனிக் காகிதத்தைப் பாருங்கள். ஒரு எழுத்தைக்கூட நான் தொடவில்லை.

உங்கள் தங்கை,
பாக்கியலக்ஷ்மி

(இணைப்பு)

அப்பாக்கு,
எட்டுகாலிக்கு எட்டு காலு. ரெண்டு ரெண்டா சேத்து வெக்கும். நாலு போலெ தோணும். பூச்சிக்கு ஆறு காலு. சிலந்தி பூச்சி இல்ல. காது இல்ல. நூல் ஆடினா அறியும். பிச்ச சேட்டன் வலய பொளிச்சு. சிலந்தி பின்னெயும் கெட்டி.
அங்கம்மாள்


மஸ்கட்,
24.11.1979

டீச்சர் தங்கச்சிக்கு,

வந்தது. நீ சொன்னபடி கேட்காமல் காகிதத்தைத்தான் முதலில் எடுத்தேன்.

எட்டுத் தரம் படித்திருப்பேன். இரண்டு தரம் சந்தோஷமாக, மீதி ஆறு தரம் எரிச்சலாக. என் மகள் எனக்கு எழுதிய முதல் கடிதம், அதில் 'அப்பா எப்படி இருக்கீங்க' என்று ஒரு வார்த்தை இல்லை. அம்மா என்ன செய்கிறாள் என்று இல்லை. பூராவும் அந்தச் சனியன் பிடித்த எட்டுக்காலி. அதற்குக் காது இல்லையாம். அதற்குக் காது இருந்தால் எனக்கென்ன, இல்லாவிட்டால் எனக்கென்ன? அப்பனுக்கு இன்னும் காதும் கண்ணும் ஒழுங்காக இருக்கிறதா என்று விசாரிக்க அவளுக்கு நீ சொல்லித் தரவில்லை.

காதால் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், எழுத்தில் 'பின்னெயும் கெட்டி' என்றால் என்னவென்று புரியவில்லை. 'சிலந்தி ரொம்பக் கெட்டி' என்று புகழ்கிறாளோ என்று நினைத்தேன். என் அறையில் இருக்கும் வைப்பின் தீவுக்காரன், மலையாளி ராசப்பன்தான், 'மறுபடியும் கட்டியது' என்று அர்த்தம் சொன்னான். சொந்த மகளின் கடிதத்துக்கு ஊரான் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் கொச்சிக்கு வந்தவன். ஒச்சம்மாள் மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவள். மகளுக்கு வாயில் பாதி மலையாளம் இருக்கத்தான் செய்யும். எழுத்திலுமா?

இப்படியெல்லாம் எழுதினாலும் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். வியர்வையில் நனையாமல் இருக்க பிளாஸ்டிக் உறையும் போட்டாகிவிட்டது.

அவள்தான் எழுதிவிட்டாளே, இனி வெங்கடேஸ்வரனுக்கு வேலை இல்லை. பத்து நாள் முன்னால் அங்கம்மாள் பேருக்கே, பெரிய பெரிய எழுத்தாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அம்மாவுக்கு அவளே வாசித்துக் காட்டட்டும். வாசிக்கத் திணறினால் மட்டும் நீ உதவி செய்.

அண்ணன்,
சங்கிலிப்பாண்டி


மட்டாஞ்சேரி,
14.12.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்படி என்னதான் எழுதினீர்கள் அந்தக் கடிதத்தில்?

முதலில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். உண்மையாகவே சிலந்தி கடித்ததா? எந்த மாதிரிச் சிலந்தி? ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா? இங்கே ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அங்கம்மாள் உங்கள் கடிதத்தை வாசலில் நின்று உரக்க வாசித்திருக்கிறாள். சந்துக்காரர்கள் கூடிவிட்டார்கள். 'முதுகில்' என்பதை மூன்று தரம் எழுத்துக் கூட்டினாளாம். அடுத்த சொல் 'சிலந்தி'. அதை மட்டும் கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்தாளாம். வாசிக்காமல் என்ன? அந்த அட்டையைச் சுவரில் மாட்டி மாதக்கணக்காக அவள் கண்ணில் படும்படி வைத்தது நான்தானே. 'அப்பாவுக்கு முதுகில் சிலந்தி கிளம்பியிருக்கிறது. படுக்க முடியவில்லை. நாலு நாளாகக் காய்ச்சல். அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்.'

அண்ணி பயப்படாமல் இருப்பாரா? பக்கத்து வீட்டில் ஒருத்தி, "சிலந்தி விஷமாணு, ரத்தத்தில் கேறியால் ஏழு கொல்லம் போகில்லா" என்று, ரத்தத்தில் ஏறினால் ஏழு வருஷம் போகாதாம், வேறு எண்ணெய் ஊற்றியிருக்கிறாள். மறுநாள் காலையில், தெரு பெருக்கப் போகும் வழியிலேயே, கார்ப்பரேஷன் சீருடையோடு அண்ணி என் வகுப்புக்குள் வந்து நின்றார். "நீ இங்க பிள்ளைங்கள வெச்சு எட்டுகாலிய நோண்டிக் களிக்குற. அது அங்க போயி எம் புருஷன் முதுகுல கேறியிருக்கு! அதோட தோஷம் பிடிச்சிருக்குடீ உன் கிளாசுக்கு!" என்றார். மஸ்கட்டுக்கும் செம்பருத்திச் செடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அங்கம்மாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே ஹெட்மாஸ்டரிடம் போனார். அரை மணி நேரத்தில் அங்கம்மாள் கமலாக்ஷி டீச்சரின் மலையாள வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். ஹெட்மாஸ்டர் என் சுவரிலிருந்த அட்டையைக் கழற்றச் சொன்னார். சிலந்திப் பாடத்துக்குத் தடை.

போகும்போது உங்கள் மகள் என்ன கேட்டாள் தெரியுமா? "டீச்சர், அப்பா முதுகுல இருக்குறதுக்கு எத்தர காலு? எண்ணிப் பாக்கச் சொல்லி எழுதுங்கோ. கொல்லண்டான்னும் எழுதுங்கோ."

உடனே பதில் போடுங்கள். எனக்கும் கவலையாகத்தான் இருக்கிறது.

உங்கள் தங்கை,
பாக்கியலக்ஷ்மி


மஸ்கட்,
4.1.1980

டீச்சர் தங்கச்சிக்கு,

தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், ராசப்பன் சாட்சி.

எங்கள் ஊரில் சிலந்தி என்றால் கட்டி! உடம்பில் சிவந்து வீங்கிப் பழுத்துச் சீழ் பிடிக்குமே, அந்தக் கட்டி. "எனக்குத் தொடையில் செலந்தி கிளம்பியிருக்கு" என்று உசிலம்பட்டிப் பக்கம் போய்ச் சொல்லிப் பார், வேப்பிலை அரைத்துக்கொண்டு வருவார்கள். உன்னைப் போலக் கால் எத்தனை என்று கேட்க மாட்டார்கள். நீங்கள் சிலந்தி என்று சொல்வதை நாங்கள் எட்டுக்கால் பூச்சி என்போம். அதற்கும் நீ தப்புக்குறி போட்டுவிட்டாய்.

வெயிலில் கல் சுமந்து முதுகில் ஒரு கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் கீறிவிட்டார்கள். ஆறிப்போய்ப் பழைய கதையாகிவிட்டது. கொச்சியில் இத்தனை வருஷம் இருந்தேன், ஒரு தரமாவது எனக்குக் கட்டி வந்து தொலைத்திருக்கக் கூடாதா? ஒச்சம்மாளுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கும்.

தப்பு என்னுடையது என்று நீ சொல்லலாம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீ 'அம்மா', 'ஆடு' என்று ஒழுங்காக நடத்தியிருந்தால் அவள் அந்தச் சொல்லையும் எழுத்துக் கூட்டியிருப்பாள், என்ன ஏது என்று யாரையாவது கேட்டிருப்பாள். பூச்சியைக் காட்டி எழுத்துச் சொல்லித் தந்தாய், இப்போது எழுத்தைப் பார்த்தால் அவளுக்குப் பூச்சிதான் தெரிகிறது.

ஒச்சம்மாளுக்கும் விவரமாக எழுதியிருக்கிறேன், வெங்கடேஸ்வரன் வாசித்துக் காட்டுவார். நீயும் போய்ச் சொல். அங்கம்மாளைத் திரும்ப உன் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு வா. மலையாளத்தில் அவள் எழுதினால் எனக்கு அது கோழி கிளறிய மண் மாதிரி. அவள் எழுத்து ஒன்றுதான் எனக்கு வீட்டுக்குள் போக இருக்கிற வழி, அதை அடைத்துவிடாதே.

அண்ணன்,
சங்கிலிப்பாண்டி


மட்டாஞ்சேரி,
2.2.1980

அன்புள்ள அண்ணனுக்கு,

கட்டி ஆறியதில் சந்தோஷம். மற்றபடி இங்கே ஒன்றும் ஆறவில்லை.

அண்ணி உங்கள் விளக்கத்தை நம்பவில்லை. வெங்கடேஸ்வரன் வாசித்தார், நானும் பக்கத்தில் இருந்தேன். "எனக்குத் தெரியாதா அந்த ஆள? சொகமில்லைன்னா ஒளிச்சு வெக்கும். நான் பயப்படக் கூடாதுன்னு கட்டின்னு கள்ளம் பறையுது" என்கிறார். சுள்ளிக்கல்லில் ஒரு வைத்தியரிடம் போய் உங்கள் பேருக்கு விஷத்துக்கு மருந்தே வாங்கி வைத்திருக்கிறார். நான் ஐந்து தரம் போய்விட்டேன். ஐந்தாம் தரம் சாயா கொடுத்தார், பிள்ளையைக் கொடுக்கவில்லை. தமிழ் அகராதியைக் கொண்டுபோய்க் காட்டலாமா என்றுகூடத் தோன்றியது, வாசிக்கத் தெரியாதவரிடம் அகராதியைக் காட்டி என்ன பயன்?

ஹெட்மாஸ்டரிடமும் மன்றாடிப் பார்த்தேன். வருஷ நடுவில் இன்னொரு தரம் மாற்ற முடியாது, ஜூனில் பள்ளி திறக்கும்போது அப்பா கைப்பட ஒரு சம்மதக் கடிதம் இருந்தால் பார்க்கலாம் என்கிறார். ஆகவே ஒரே வழிதான் இருக்கிறது. 'என் மகள் அங்கம்மாளைத் தமிழ் வகுப்பிலேயே தொடர்ந்து படிக்க வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிந்தால் எனக்கு அசிங்கம். பள்ளி திறந்து ஆறாம் நாள் பிள்ளைகளின் தலையை எண்ணுவார்கள். என் வகுப்பில் பதினைந்து தலை இருந்தால்தான் எங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இருக்கும். அங்கம்மாளோடு பதினைந்து. அவள் இல்லாவிட்டால் பதினாலு. வகுப்பை எடுத்துவிட்டால் பிள்ளைகள் மலையாள வகுப்பில் கலந்துவிடுவார்கள், எனக்கு இடப்பள்ளிப் பக்கம் மாற்றம் வரும். அங்கே தமிழ்ப் பிள்ளைகள் யாரும் இல்லையாம். ஒன்பது வருஷமாக இந்த வகுப்பைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறேன் அண்ணா. அது போனால் நான் என்ன டீச்சர்?

உங்கள் தங்கை,
பாக்கியலக்ஷ்மி


மஸ்கட்,
1.3.1980

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இத்தனை நாளாக நீங்கள் என் மகளுக்காக ஓடுகிறீர்கள் என்று நினைத்திருந்தேன். உங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு தலை என்று இப்போது தெரிந்தது. பதினைந்தாவது தலை.

இருக்கட்டும். உங்கள் தேவைக்கு நீங்கள் ஓடுகிறீர்கள், என் தேவைக்கு நானும் ஓடுகிறேன். இரண்டும் ஒரே பாதையாகிவிட்டது. அவளைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. பல் விழுந்து முளைத்துவிட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது. டிசம்பருக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு காகிதம் வரவில்லை. வெங்கடேஸ்வரன் மறுபடியும் 'திருமுகம்' எழுத ஆரம்பித்துவிட்டார். அதைப் பிரிக்கும்போதே எனக்கு எரிகிறது.

நீங்கள் கேட்ட சம்மதக் கடிதம் உள்ளே இருக்கிறது. கையெழுத்தோடு கைநாட்டும் வைத்திருக்கிறேன், ஒன்று போதவில்லை என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிடக் கூடாது. ஜூனில் பள்ளி திறந்த அன்றே கொடுத்துவிடுங்கள். ஒச்சம்மாள் கத்தினால் கத்தட்டும். நான் ஊருக்கு வந்து வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சங்கிலிப்பாண்டி


மட்டாஞ்சேரி,
8.6.1980

அன்புள்ள அண்ணனுக்கு,

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருந்தீர்கள். கெட்ட வார்த்தையால் திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது. ஆனால் இந்தக் கடிதத்துக்குப் பிறகு 'நீங்கள்' என்றுகூட எழுத மாட்டீர்களோ என்னவோ.

உங்கள் சம்மதக் கடிதத்தை நான் கொடுக்கவில்லை. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

பள்ளி திறந்த அன்று அதைப் பையில் வைத்துக்கொண்டு, ஹெட்மாஸ்டரிடம் போகுமுன் கமலாக்ஷி டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அவர் வகுப்புக்குப் போனேன். அவர் ஒரு நோட்டை என் கையில் கொடுத்தார். அங்கம்மாளுடையது. கோடை லீவு முழுவதும் வீட்டுச் சமையலறையில் ஒரு சிலந்தியைக் கவனித்து எழுதியிருக்கிறாள். முட்டைப் பையை வாயில் கவ்விக்கொண்டு திரிகிற மெலிந்த சிலந்தி. என்றைக்குக் குஞ்சு பொரித்தது, எத்தனை குஞ்சு, அம்மா ஒட்டடை அடிக்க வந்தபோது எப்படித் தடுத்தாள், எல்லாம் எழுதியிருக்கிறாள். பதினோரு பக்கம். முழுவதும் மலையாளம். அண்ணி தடுத்தும், என் பாடம் தடைபட்டும், அது நிற்கவே இல்லை.

படிக்கப் படிக்க எனக்குப் பொறாமையாக இருந்தது அண்ணா, மறைக்கவில்லை. என்னிடம் அவள் எழுதியதெல்லாம் மூன்று சொல், நாலு சொல். இங்கே ஒரு வாக்கியம் மூன்று வரி ஓடுகிறது. 'எனக்குத் தோன்றியது', 'ஆனால் மறுநாள் பார்த்தபோது' என்றெல்லாம் எழுதுகிறாள். அவளை மந்தம் என்று நினைத்து மூன்று மாதம் அதட்டினேனே, அவள் மந்தம் இல்லை. அவள் விளையாடுவதும் சண்டை போடுவதும் அந்த மொழியில். அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்று நான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவளையே கூப்பிட்டுக் கேட்டேன், திரும்பி வருகிறாயா என்று. "டீச்சர இஷ்டமாணு. ஆனா அவிட எழுதான் எளுப்பமா" என்றாள். மலையாள வகுப்பில் எழுதுவது சுலபமாம். எனக்கு மனசு ஒடிந்துவிட்டது. ஐந்து நாளாகச் சம்மதக் கடிதம் பையிலேயே கிடந்தது. தினமும் ஹெட்மாஸ்டர் அறை வரை போய்த் திரும்பினேன். நாளை தலை எண்ணுகிறார்கள். உங்களைக் கேட்டுச் செய்ய நாள் இல்லை. உங்கள் மகள் விஷயத்தில் உங்களைக் கேட்காமல் நான் முடிவெடுத்தது தப்பு. அந்தத் தப்பைச் செய்துவிட்டேன்.

நாளைக்குப் பதினாலு என்று எழுதுவார்கள்.

அங்கம்மாள் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள், அதுவும் உள்ளே. நீங்கள் வாசிக்க முடியாதே, நான் தமிழில் மாற்றி எழுதித் தரட்டுமா என்றேன். "வேண்டா, ராசப்பன் சேட்டன் வாயிச்சுக் கொடுக்கும்" என்று உறையை ஒட்டிக் கொடுத்துவிட்டாள். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

உங்கள் தங்கை,
பாக்கியலக்ஷ்மி


மஸ்கட்,
10.7.1980

பாக்கியத்துக்கு,

உன் மேல் எனக்குக் கோபம். போகாது. நான் ஊருக்கு வந்த பிறகும் கொஞ்ச நாள் இருக்கும். சம்மதம் எழுதியது அப்பன், அதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள நீ யார்? உன் வேலையைக் கெடுத்துக்கொண்டு எனக்கு என்ன நல்லது செய்துவிட்டதாக நினைக்கிறாய்? இடப்பள்ளிக்கு உத்தரவு வந்துவிட்டது என்று ஒச்சம்மாள் வெங்கடேஸ்வரனை வைத்து எழுதியிருந்தாள். அதைப் படித்ததும் உன் மேல் கோபம் இன்னும் கூடிவிட்டது, ஏனென்று தெரியவில்லை.

மகளின் உறையை நாலு நாள் பிரிக்கவில்லை. பிரித்தால் என்ன, எனக்குத் தெரியாத எழுத்து. வெள்ளிக்கிழமை வேலை இல்லை, ராசப்பன் தாடி மழித்துவிட்டு வந்து, "கொடு சங்கிலி, நான் வாசிக்காம்" என்று பிடுங்கிக்கொண்டான்.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாள். அவன் மலையாளத்தில் வாசித்தான். எனக்குக் கேட்டால் புரியும்தானே. சிலந்தி ஒரு பக்கம்தான் இருந்தது. மீதி மூன்று பக்கமும் ஒச்சம்மாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறாள். 'அம்மா பறஞ்ஞு, உன் அப்பன் கண்டவனுக்கெல்லாம் வீடு கெட்டிக் கொடுக்குது, இங்க அடுப்பு மேல மழை சோருது, கொத்தனார் பொண்டாட்டின்னு சொல்ல நாணமா இருக்கு.' ராசப்பன் வைப்பின் குரலில் வாசிக்கிறான், எனக்கு ஒச்சம்மாள் இடுப்பில் கை வைத்து நின்று கத்துவது கேட்கிறது. சிரித்தேன், பிறகு அழுதேன். ஒன்றரை வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், யாரிடமாவது சொல்லாவிட்டால் ஆகாது. அவன் வாசிக்கத் தொடங்கியதும் முதல் வார்த்தையிலேயே நிறுத்தினேன். 'அச்சா' என்று வாசித்தான். அம்மா வாயால் வருவதெல்லாம் 'அப்பன்'தான். என்னை மகள் கூப்பிடுகிற இடத்தில் மட்டும் 'அச்சா'. "அப்பான்னு வாசிடா" என்றேன். "எழுதியதல்லே வாசிக்கான் பற்றூ" என்றான், எழுதியிருப்பதைத்தானே வாசிக்க முடியும் என்று. எங்கே காட்டு என்றேன். விரல் வைத்துக் காட்டினான். கடிதத்தில் ஆறு இடத்தில் இருக்கிறது. ஆறு இடத்திலும் அவன் விரல் வைக்க வைக்க நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மலையாளத்தில் அந்த ஒரு வார்த்தை மட்டும் இப்போது எனக்கு வாசிக்க வருகிறது.

அண்ணன்,
சங்கிலிப்பாண்டி